பெருங்களத்தூரில் கைமாறிய சாவி

சென்ற மாதம் ஆயுள் சான்றிதழ் கொடுக்க என் பழைய கிளைக்குப் போயிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வங்கிக்குக் காட்ட வேண்டும். கவுண்டரில் இருந்த புதுப் பெண் என் விரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள். நான்கு முறை வைத்தும் அது என்னை ஒப்புக்கொள்ளவில்லை. பல வருடம் பசை தடவிய விரல், ரேகை தேய்ந்துவிட்டது. ஐந்தாம் முறை போனால் போகிறதென்று ஏற்றுக்கொண்டது. அதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் என் கதையை அவளிடம் சொல்லிவிட்டார். மேடம் இதே கிளையில் பியூனாக இருந்தவர், பரீட்சை எழுதி கிளார்க் ஆனவர், தலைமைக் காசாளராக ஓய்வு பெற்றவர் என்று.

"எந்த கோச்சிங் சென்டர் போனீங்க மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"செங்கல்பட்டு லோக்கல்மா. லேடீஸ் கோச்."

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், விளக்க நேரமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அம்மா மீன் விற்றுத்தான் என்னைப் பிளஸ் டூ வரை படிக்கவைத்தாள். வாழ்க்கைப்பட்டது சிங்கப்பெருமாள் கோவில். என் வீட்டுக்காரர் தாம்பரத்தில் ஒரு வங்கிக் கிளையில் பியூன். மஞ்சள் காமாலையில் அவர் போனபோது வாரிசு என்ற முறையில் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். டீ வாங்குவது, தபால் ஒட்டுவது, அன்றன்றைய சீட்டுகளை ஊசி நூல் போட்டுத் தைத்துக் கட்டுவது, பெருக்குவது. ஆறு வருடம் இப்படி ஓடியது, சொல்ல வேறு ஒன்றும் இல்லை. பியூனுக்கு ஸ்டூல்தான் உண்டு. சாய முதுகு கிடையாது. மாலையில் முதுகுத்தண்டு முழுக்க எரியும். எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இருந்ததாக இப்போது கதை கட்ட மாட்டேன். முதுகு சாயும் நாற்காலி ஒன்று வேண்டும். அவ்வளவுதான் ஆசை, ஆனால் அதற்கு ரொம்பவே ஆசைப்பட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கடைநிலை ஊழியர்கள் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் தாண்டினால் கிளார்க் ஆகலாம். வயது வரம்பைக் கணக்குப் போட்டால் எனக்கு அந்த வருடமும் அடுத்த வருடமும் மட்டும் மீதி இருந்தன. மேற்குத் தாம்பரத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு வங்கிப் பரீட்சை கைடு வாங்கினேன். முன் அட்டை இல்லை. அதனால் அதை எழுதியவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் படிக்க முடியாது, கிளையில் ஸ்டூல் சும்மா விடாது. மிச்சம் இருந்தது ரயில்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறினால் தாம்பரம் வரை முக்கால் மணி நேரம். பாடங்களை ஸ்டேஷன்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டேன். மறைமலை நகர் வரை கணக்கு வகைகள். காட்டாங்கொளத்தூரில் காசோலை. பொத்தேரி ஏரி கண்ணில் பட்டதும் கோடு போட்ட காசோலை, கோடு போடாத காசோலை. காலை வெயில் ஏரித் தண்ணீரில் விழுந்து பெட்டியின் கூரையிலெல்லாம் ஆடும். அந்த ஆட்டத்துக்கு நடுவேதான் நான் வங்கிச் சட்டம் படித்தேன். வண்டலூர் வரும்போது மரங்களின் வாசனையோடு கடன் வகைகள் வரும். எது பாடம், எது ஜன்னலுக்கு வெளியே என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. பின்னாளில் கவுண்டரில் யாராவது இரண்டு கோடு போட்ட காசோலையை நீட்டினால் எனக்கு முதலில் தெரிந்தது தண்ணீர்தான். இது யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் லூசு என்பார்கள்.

என்னைக் கேள்வி கேட்டுப் பரீட்சித்தது எல்லம்மா அக்கா. கூடுவாஞ்சேரியில் பூக்கூடையோடு ஏறுவாள், தாம்பரம் மார்க்கெட்டில் கனகாம்பரம் விற்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைடைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "உம், சொல்லு" என்பாள். நான் ஒப்பிப்பேன்.

"நிறுத்தாம சொன்னா சரி. நிறுத்திகினு முழிச்சா தப்பு. இதுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்பது அவளுடைய திருத்தும் முறை. பெரும்பாலும் அவள் போட்ட மார்க் சரியாகத்தான் இருந்தது.

இப்போது எங்கள் மேனேஜர் விசாலாட்சி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உருவம். மூன்று அடி தள்ளி நின்றால் குரல் கேட்காது. ஒன்பதரைக்கு வந்ததும் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். முதலில் வலது கண்ணாடி, பிறகு இடது, அது மாறியதே இல்லை. பேனா மூடியைக் கழற்றி மேசையின் இடது ஓரத்தில் நிற்கவைப்பார். எந்தக் காகிதம் வந்தாலும் முன்பக்கத்தைப் படித்துவிட்டு, திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்த பிறகே கையெழுத்து. வெற்றுக் காகிதமானாலும் சரி, என் லீவு லெட்டரானாலும் சரி. பின்னால் ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும் பார்ப்பார். "அந்தம்மா பத்து ரூபா நோட்டையே திருப்பிப் பாக்கும்" என்று எங்கள் தலைமைக் காசாளர் பாஷா சார் கிண்டல் செய்வார். அவர் பெருங்களத்தூர்க்காரர். வாய் ஓயாது, மனசு வெண்ணெய்.

பணப் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேடத்திடம், மற்றது பாஷா சாரிடம். இரண்டும் போட்டால்தான் கதவு திறக்கும். இரண்டு சாவியும் ஒரு நிமிடம்கூட ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. சாவி கை மாறினால் ஓர் அதிகாரியிடம்தான் மாற வேண்டும், நேரம் குறித்துப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வங்கியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள். கைடில் இது கடைசிக்கு முந்தின பாடம். என் பங்கீட்டில் அது பெருங்களத்தூருக்கு வந்து சேர்ந்தது.

மழைக்காலத்தில் ஒரு மாதத்தின் முதல் தேதி, பென்ஷன் நாள். இரண்டு நாளாக விடாத மழை. ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் தகடுகளை இறக்கிவிட்டிருந்தார்கள், நான் மட்டும் படிக்க வெளிச்சம் வேண்டுமென்று என் ஜன்னலைக் கால்வாசி தூக்கிவைத்திருந்தேன். கூட்டுப் பொறுப்பில் சாவி வைப்பது பற்றி எல்லம்மாவுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூரில் வண்டி நின்றதும், "கஸ்தூரி, கஸ்தூரி" என்று யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். பாஷா சார் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, முழுக்க நனைந்து நின்றிருந்தார். நான் எந்த ஜன்னலில் உட்காருவேன் என்பது அவருக்குத் தெரியும்.

"இத புடி. அம்மாக்கு மூச்சு இழுக்குது, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். ஆட்டோ வெளிய நிக்குது. மேடம் கைல குட்த்துடு. வேற யார் கைலயும் குடுக்காத."

கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வந்தது. நான் வாங்கிக்கொண்டேன். வண்டி நகர்ந்த பிறகுதான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். சாவி நீளமாக, ஈரமாக, அவர் கைச் சூட்டோடு இருந்தது. மடியில் அதே பாடம் திறந்து கிடந்தது.

"இன்னாடி அது?" என்றாள் எல்லம்மா.

"பேங்க் சாவிக்கா."

"உனக்கு எதுக்குக் குட்த்தாரு?"

பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் சிக்னலுக்காக வண்டி நின்றுவிட்டது. தகடுகளில் மழைச் சத்தம், பூக்கூடையிலிருந்து ஈர வாசனை. எத்தனை நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பயம் வரவில்லை. தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. இந்த உலகத்தில் இப்போது யாருக்கும் தெரியாத இடத்தில் அந்தச் சாவி இருக்கிறது, அந்த இடம் நான், என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

கிளை வாசலில் தலையில் பிளாஸ்டிக் பை கவிழ்த்துக்கொண்டு முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். எல்லோரும் வயதானவர்கள். இரும்புலியூரிலிருந்து நடந்தே வந்த ஒருவர் ஷட்டரோரம் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே மேடம் அப்போதுதான் போனைக் கீழே வைத்தார். உதவி மேனேஜர் முடிச்சூரில் இருந்து பேசியிருக்கிறார். தெருவில் இடுப்பளவு தண்ணீர், வர வழியில்லை.

நான் சாவியை நீட்டினேன். மேடம் அதைத் தொடவில்லை.

"எங்க குடுத்தார்?"

"பெருங்களத்தூர்ல மேடம். ஜன்னல் வழியா."

கைக்குட்டையை எடுத்தார். வலது கண்ணாடி, இடது கண்ணாடி. "ரெண்டு சாவியும் என்கிட்ட இருக்கக் கூடாது கஸ்தூரி. உன்கிட்டயும் இருக்கக் கூடாது. வட்டார ஆபீஸ்லேர்ந்து இன்னொரு ஆபீசர் வரணும். இந்த மழையில அவர் வர மத்தியானம் ஆகிடும். உனக்கு இந்த ரூல் தெரியுமா?"

"தெரியும் மேடம். இப்பதான் ரயில்ல படிச்சேன்."

அவர் வாசலைப் பார்த்தார். ஷட்டரோரம் நின்றவர் இப்போது தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"சரி, வா. அது உன் கையிலயே இருக்கட்டும். நீயே திருப்பு. ரெண்டு ஆள் வேணும்ங்கறதாவது மிஞ்சட்டும்."

அந்தக் கதவுக்கு வெளியே ஆறு வருடம் பெருக்கியிருக்கிறேன், ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. மேடம் தன் சாவியைத் திருப்பினார். நான் என்னுடையதைத் திருப்பினேன். உள்ளே ஏதோ மெல்ல உருண்டு விழுந்தது. கதவு பெரியது, ஆனால் ஒரு விரலுக்கே அசைந்தது. பதினொன்றரைக்குப் பாஷா சார் வந்துவிட்டார். அம்மாவுக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், பிழைத்துக்கொண்டார். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் டீ வாங்கப் போனேன். மாலையில் மேடம் வட்டார அலுவலகத்துக்கு ஒரு பழுப்புக் கவர் கொடுத்தார். பசை தடவி ஒட்டி, தபால் புத்தகத்தில் எழுதி, பெட்டியில் போட்டேன். நான் எப்போதும் பசையை அதிகமாகத் தடவிவிடுவேன், கவரின் மேல்மூலையில் ஈஷிக்கொண்டது. உள்ளே என்ன என்று கேட்பது என் வேலை இல்லை.

அந்தக் காலையைப் பற்றி எங்கள் மூவரில் யாரும் மறுபடி பேசவில்லை. அது எங்களோடு புதைந்துபோனது என்று நான் நம்பினேன்.

எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்முகம் நகரத்தில், வட்டார அலுவலகத்தில். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் தலைவர், நரைத்த மீசை, சாந்தமான முகம். காசோலை கேட்டார், கடன் கேட்டார். எல்லாம் நிறுத்தாமல் சொன்னேன். பிறகு சாவி பற்றிக் கேட்டார். பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்தேன்.

"உங்க பிராஞ்ச்ல எப்பவாவது இது மாறினது உண்டா?"

"இல்ல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்ல சார். ஒரு நாளும் மாறல."

ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. விசாலாட்சி மேடத்துக்கு என்னால் ஒரு கெடுதல் வரக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. தலைவர் என் ஃபைலைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். மேல்மூலையில் பசை ஈஷியிருந்தது. நான் தடவிய பசை.

"உங்க மேனேஜர் அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. தப்பு முழுக்க தன்னுதுன்னு. உங்களப் பத்தியும் ஒரு வரி இருக்கு." கடிதத்தைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். "சாவியைக் கொண்டுவந்த கடைநிலை ஊழியருக்கு இந்த விதி தெரியாது. அவர் மீது தவறில்லை." என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியாதாம்மா உங்களுக்கு?"

தெரியாது என்றால் நான் தப்பிக்கலாம். தெரியும், மேடத்திடமே சொன்னேன் என்றால், அந்த நேர்மையான கடிதத்தில் இருக்கும் ஒரே பொய் வெளியே வந்துவிடும். எனக்காகச் சொன்ன பொய். நான் வாயைத் திறக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போகலாம் என்றார்.

தேறவில்லை என்று தாள் வந்தது. அன்றைக்குத்தான் பாஷா சார் வாய் விட்டார். "மேடத்துக்கு மெமோ வந்துச்சு, எனக்கும் வந்துச்சு. அவங்களுக்கு இந்த வருஷம் வர வேண்டிய புரமோஷனும் போச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. எல்லாம் நான் பண்ண பேஜாரு." அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

நான் மேடத்தின் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே பேசினேன். பியூன் அங்கே உட்காருவதில்லை.

"எனக்கு ரூல் தெரியாதுன்னு ஏன் மேடம் எழுதினீங்க? நான் தெரியும்னுதான சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. "தெரியும்னு எழுதினா முதல்ல உன்னைத்தான் தூக்குவாங்க. கீழ இருக்கறவங்களைத்தான் எப்பவும் தூக்குவாங்க." பிறகு, "நீ ஏன் இல்லன்னு சொன்னே?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் வரக் கூடாதுன்னு மேடம்."

வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் போகும் சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"அடுத்த வருஷம் கேட்டா எல்லாத்தையும் சொல்லு," என்றார் மேடம். "நான் எழுதின அந்த வரியையும் சேர்த்துச் சொல்லு."

அந்த ஒரு வருடம் ரயிலில் நான் பாடம் அதிகம் படிக்கவில்லை. கைடை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். பொத்தேரி ஏரி வற்றி, மறுபடி நிரம்பியது. பெருங்களத்தூர் வந்தால் என் வலது கை தானாக மூடிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் மேடத்துக்கு இன்னொரு மெமோ வரலாம். சொல்லாவிட்டால் நான் ஸ்டூலிலேயே ஓய்வு பெற வேண்டும். எல்லம்மா, "சொல்லுடி" என்று கைடைத் தலைகீழாகப் பிடிப்பாள். எனக்கு ஒன்றும் ஓடாது.

அடுத்த வருடமும் எழுத்துத் தேர்வில் தேறினேன். அதே அறை, அதே தலைவர். காசோலை கேட்கவில்லை, கடன் கேட்கவில்லை.

"உங்க பிராஞ்ச்ல சாவி எப்பவாவது மாறினது உண்டா?"

நான் நிறுத்தினேன். எல்லம்மா இருந்தால் தப்பு என்று சொல்லியிருப்பாள்.

"உண்டு சார். ஒரு நாள். அன்னைக்கு ரெண்டாவது சாவியத் திருப்பினது நான்."

"ரூல் தெரியுமா அப்போ?"

"தெரியும் சார். அத மேடம்கிட்டயும் சொன்னேன்."

"அப்ப அவங்க எழுதினது?"

மறுபடி நிறுத்தினேன். "பொய்தான் சார். எனக்காக எழுதினது. போன வருஷம் நான் சொன்னதும் பொய்தான். அது அவங்களுக்காக. ரெண்டுமே தப்பு சார்."

மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் பேனாவை வைத்துவிட்டார்.

"நாளைக்கு அதே ஸ்டேஷன்ல, அதே மாதிரி ஒருத்தர் சாவிய நீட்டினா என்ன செய்வீங்க?"

வாங்க மாட்டேன் என்பதுதான் கைடில் இருக்கும் பதில். எனக்கு அந்த நனைந்த துண்டும், கம்பிக்கு நடுவே வந்த கையும் தெரிந்தன. ரொம்ப நேரம் நிறுத்திவிட்டேன்.

"வாங்குவேன் சார். வாங்கிட்டு, அன்னைக்கே நானும் ஒரு லெட்டர் எழுதுவேன்."

அவர் தலையை ஆட்டினார். நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் வெளியே வந்தேன். திரும்பி வரும் வண்டியில் உட்கார இடம் இருந்தும் கதவோரம் நின்றே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. தபாலைப் பிரித்து மேடத்தின் மேசையில் வைப்பது என் வேலை, அதனால் என் உத்தரவை நானே கொண்டுபோய் வைத்தேன். வாசிக்கத் தைரியம் இல்லை. மேடத்துக்கு அதன் பிறகு மெமோ எதுவும் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அடுத்த புரமோஷன் அவருக்கு ஒரு வருடம் தாமதமாக வந்தது. அந்த ஒரு வருடத்துக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். முன்பக்கத்தை முழுக்கப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே எழுத்தே இல்லை, ஆனாலும் மேலிருந்து கீழ்வரை படிப்பதுபோல் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணும் இல்ல கஸ்தூரி," என்றார். குரல் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றி இடது ஓரத்தில் நிற்கவைத்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரு."

உட்கார்ந்தேன். முதுகு சாய்க்க எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.